அமெரிக்க வீட்டுப் பாண்டங்களும் அவற்றின் வர்ணச் சித்திரங்களும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மண்ணைப் பிசைந்து, திகிரியைச் சுழற்றி, சூளையை நம்பி வாழ்ந்த குலத்தில் பிறந்தவர்கள் நாம். அங்ஙனமிருக்க, வேறொரு தேசத்தார் தம் சமையலறைப் பானை சட்டிகளின்பால் காட்டிய ஒரு விசித்திரமான சிரத்தையைப் பற்றி நாம் கேட்டறிவது வீண்காலப் போக்கு ஆகாது என்பது என் அபிப்பிராயம். அந்நாட்டுச் சர்க்கார் ஏழைச் சித்திரக்காரர்களுக்குக் கூலி கொடுத்து, ஊறுகாய் ஜாடியையும் பால் சட்டியையும் சாராயக் குடுவையையும் நீர்வர்ணத்தில் எழுதுவித்தார்கள். ராஜாக்களின் படங்களையோ யுத்தகளங்களையோ அன்று; ஜாடியையும் சட்டியையும்! அச்சித்திரங்கள் இன்று வாஷிங்டன் நகரத்திலுள்ள தேசீயச் சித்திரசாலையில் பத்திரமாக இருக்கின்றன. இது நேர்ந்த விதத்தையும், இதில் விளைந்த நன்மையையும், இதில் விடுபட்டுப்போனவற்றையும் கூறவே இங்கு வந்துள்ளேன். நன்மையைக் காட்டிலும் விடுபட்டவற்றையே நீங்கள் அதிகமாகக் கவனிக்க வேண்டுமென்பது என் விருப்பம்.

1929ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பங்கு வியாபாரம் சரிந்தது. தொடர்ந்து பாங்கிகள் முறிந்தன, ஆலைகள் மூடப்பட்டன. 1933ஆம் ஆண்டில் அங்கு உழைப்பவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் என்பார் அக்கிராசனாதிபதியான பின், சர்க்காரே வேலை கொடுத்துக் கூலி கொடுப்பது என்று தீர்மானமாயிற்று. பாதை போட்டார்கள், பாலம் கட்டினார்கள், பள்ளிக்கூடம் எழுப்பினார்கள். சித்திரக்காரன் மண்வெட்டி பிடித்துப் பழகாதவன். அவனுக்கும் பசி உண்டல்லவா? ஆகவே 1935ஆம் ஆண்டில் சித்திரக்காரர்களுக்கென்று தனியே ஒரு திட்டம் ஏற்படுத்தி, ஹோல்ஜர் கேஹில் என்பவரை அதன் தலைவராக நியமித்தார்கள். அத்திட்டத்தின் ஒரு கிளைதான் நான் சொல்ல வந்த ‘அமெரிக்க வேலைப்பாட்டு அட்டவணை’ என்பது.

இந்த எண்ணம் முதலில் உதித்தது எந்த மந்திரியின் மூளையிலுமன்று. நியூயார்க் பொதுப் புத்தகசாலையில் படங்களைச் சேர்த்து வைக்கும் பகுதி ஒன்றுண்டு. அதன் அதிகாரியாயிருந்த ரோமானா ஜாவிட்ஸ் என்னும் அம்மையாரிடம் சித்திரக்காரர்களும் நாடகக் காட்சி அமைப்போரும் துணிக்கு மாதிரி வரைவோரும் வந்து, “நம் நாட்டுப் பழைய நாற்காலி எப்படி இருக்கும்? பழைய ஜாடி எப்படி இருக்கும்?” என்று கேட்பதுண்டு. ஐரோப்பிய தேசங்களின் பழம்பொருள்களுக்குப் பெரிய பெரிய வர்ணப் புத்தகங்கள் இருந்தன. தம் நாட்டுப் பொருள்களுக்கு அத்தகைய புத்தகம் இல்லை. இக்குறையை அவ்வம்மையாரும், துணி மாதிரிகள் வரைவதில் பெயர்பெற்ற ரூத் ரீவ்ஸ் என்னும் அம்மையாரும் கூடி ஆலோசித்து, வேலையில்லாச் சித்திரக்காரர்களைக் கொண்டே இதனை நிறைவேற்றலாமென்று யோசனை கூறினார்கள். சர்க்காரும் அதனை ஏற்றார்கள். அடுக்களையில் புழங்கும் பொருளின் அருமை பெண்மக்களின் கண்ணுக்கே முதலில் புலனாயிற்று என்பதை இங்குள்ள தாய்மார்கள் கவனிப்பார்களாக.

வேலை 1935 முதல் 1942 வரையில் நடந்தது. 30க்கு மேற்பட்ட ராஜ்யங்களில் ஏறக்குறைய 1,000 சித்திரக்காரர்கள் இதில் ஈடுபட்டனர். அவர்கள் எழுதி முடித்த சித்திரங்கள் 18,000க்கு மேல். மரச்சாமான், துணி, பொம்மை, இரும்பு வேலை, கண்ணாடி முதலிய பலவும் அவற்றில் அடங்கும். மண்பாண்டங்கள் அவற்றுள் ஒரு பகுதியே. நம் பேச்சு அப்பகுதியைப் பற்றியது.

“போட்டோ எடுத்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்குமே, எதற்காக இவ்வளவு பாடு?” என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். அக்காலத்துப் போட்டோ பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. வர்ணப் போட்டோ அப்பொழுதுதான் தலையெடுத்த காலம். செலவு அதிகம், வர்ணமும் நிலைப்பதில்லை. செம்மண் தட்டின் சிவப்பும், அதன்மேல் ஓடிய மஞ்சளும், நீலப் பூவின் நீலமும் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரே சாம்பலாகிவிடும். சித்திரக்காரனுக்குக் கூலி கொடுப்பதே திட்டத்தின் மூலநோக்கம் என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் இவற்றினும் ஆழ்ந்த காரணம் ஒன்றுண்டு. யந்திரக் கண் எதன்மீது வெளிச்சம் விழுகிறதோ அதனை மட்டும் காண்கிறது. மனிதனோ பாண்டத்தைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்து, அடியின் கனத்தையும் விளிம்பின் மடிப்பையும் அறிந்த பின்னர் எழுதுகிறான். அறிந்ததனைத்தும் எழுத்தில் இறங்குகிறது.

இந்த நுட்பத்தைப் போதிக்க வந்தவர்களுள் பாஸ்டன் நகரத்துக் காட்சிசாலையைச் சேர்ந்த சூசன் சாப்மன் என்னும் அம்மையார் முக்கியமானவர். எகிப்து தேசத்தின் பழைய கல்லறைகளில் கண்டெடுத்த பொருள்களை அச்சொட்டாக எழுதும் ஒரு முறை அங்கே வழங்கிவந்தது. அம்முறையையே அவர் மற்றவர்களுக்குக் கற்பித்தார். பாரோ மன்னனின் பொற்கலத்துக்குரிய மரியாதை ஒரு குடியானவன் வீட்டு மோர்ச் சாலுக்குக் கிடைத்தது என்றால் அது பொருந்தும்.

எழுதும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதலில் பாண்டத்தை அளவெடுப்பார்கள். பென்சிலால் அதன் உருவத்தை மெல்லிய கோட்டில் எழுதுவார்கள். வாயின் வட்டமும் அடியின் வட்டமும் சரியாகப் பொருந்தாவிட்டால் பாண்டம் சாய்ந்ததுபோல் தோன்றும். பழைய பாண்டங்களோ பலவும் உண்மையாகவே சற்றுச் சாய்ந்தவை. உண்மையான சாய்வை விடவும் கூடாது, தன் கைப்பிழையால் ஒரு சாய்வைச் சேர்க்கவும் கூடாது. பிறகு நீரில் கரைத்த வர்ணத்தை மிகத் தெளிவாக ஒரு பூச்சு. அது உலர்ந்தபின் மற்றொரு பூச்சு. இவ்வாறு அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். பளபளப்பு விழுமிடத்தில் வெள்ளை மையை வைப்பதில்லை. காகிதத்தின் வெண்மையையே தொடாமல் விட்டுவிடுவார்கள். ஒருமுறை தவறி அவ்விடத்தில் வர்ணம் பட்டால் மீட்பது அரிது. விளிம்பில் உதிர்ந்த சில்லு, அடுப்புக் கரி, தீயில் வெந்தபோது உண்டான கறுப்பு மறு, விரிசல் எல்லாம் அப்படியே எழுதப்பட வேண்டும், அழகுபடுத்தலாகாது. பின்னணியில் மேசையுமில்லை, திரையுமில்லை; வெற்றுக் காகிதத்தின் நடுவே பாண்டம் மட்டும் நிற்கும். ஒரே சித்திரத்துக்குச் சிலசமயம் வாரக்கணக்கில் காலம் சென்றது. வனைந்தவன் அப்பாண்டத்தைத் திகிரியினின்று அறுத்தெடுத்ததோ சில நிமிஷங்களில்!

இனி அவர்கள் எழுதிய பாண்டங்கள் எத்தகையன என்பதைக் காண்போம். நம்மவர்க்கு இதுவே ருசிகரமான பகுதி.

முதலாவது, செம்மண் பாண்டம். ஐரோப்பாவிலிருந்து குடியேறினவர்கள் அட்லாண்டிக் கரையோரத்தில் எங்கும் கிடைத்த சாதாரணச் செங்களிமண்ணைக் கொண்டு 17ஆம் நூற்றாண்டிலேயே வனையத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 1,000 டிகிரி உஷ்ணத்துக்குள் வெந்துவிடும் மண் அது. நம் பானையைப் போலவே நீர் கசியும். ஆகையால் ஈயச் சேர்க்கையுள்ள கண்ணாடிப் பூச்சை அதன்மேல் பூசினார்கள். இப்பூச்சு தேன்போல் மின்னும். மண்ணின் சிவப்பு அதனூடே தெரியும். பால் சட்டி, அப்பத் தட்டு, பீன்ஸ் வேகவைக்கும் பானை, குடுவை முதலியன இதில் ஆயின.

பென்ஸில்வேனியா ராஜ்யத்தில் குடியேறிய ஜெர்மானியர் இத்தொழிலில் தனிப்பட்ட ஒரு மேன்மையை அடைந்தனர். அவர்கள் அப்பத் தட்டுச் செய்யும் முறை விநோதமானது. மண்ணைச் சப்பாத்தி போல் உருட்டித் தகடாக்குவார்கள். தகடு தட்டையாயிருக்கும்போதே, வெள்ளைக் களிமண்ணைக் கரைத்த குழம்பை ஒரு சிறு கிண்ணத்தில் நிரப்பி, கிண்ணத்தின் மூக்கில் பொருத்திய பறவை இறகின் குழல் வழியாக ஒழுகவிட்டு, அலைகளும் கோடுகளும் இடுவார்கள். நம் பெண்மக்கள் மாக்கோலம் இழைப்பது போன்றதே அது. பிறகு தகட்டை ஒரு மர அச்சின்மேல் கவிழ்த்து வளைத்து, பல்லுள்ள சிறு சக்கரத்தை விளிம்பில் ஓட்டி நறுக்குவார்கள். விசேஷத் தட்டாயின், தகடு முழுவதும் வெள்ளைக் குழம்பைப் பூசி, உலருமுன் கூரிய குச்சியால் கீறி, அடியிலுள்ள சிவப்புத் தெரியும்படி பூவும் பறவையும் குதிரைவீரனும் எழுதுவார்கள். டியூலிப் என்னும் பூவே அதிகம். சுற்றிலும் ஜெர்மன் மொழியில் ஒரு வேடிக்கை வாசகமும் இருக்கும்.

இத்தட்டுகளை வெகுகாலம் அந்நாட்டுக் கனவான்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை என்றே எண்ணியிருந்தனர். தம் பக்கத்துக் கிராமத்துக் குயவன் அவ்வளவு செய்வான் என்று நினைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை போலும். எட்வின் பார்பர் என்னும் அறிஞர் ஆராய்ந்து, அவை பென்ஸில்வேனியா மண்ணிலேயே அங்குள்ள குயவர்களால் ஆனவை என்று காட்டி, 1903ஆம் ஆண்டில் ஒரு நூலும் வெளியிட்டார். அட்டவணைச் சித்திரக்காரர்கள் பின்னாளில் இத்தட்டுகளை ஆர்வத்தோடு எழுதினர். கீறின கோட்டின் ஓரத்தில் எழும்பி நிற்கும் மண்ணின் மெல்லிய வரம்புகூட அவர்கள் தூரிகையில் தப்பவில்லை.

ஈயப் பூச்சில் ஒரு தீங்கும் உண்டு. புளித்த பொருளை அதில் வைத்தால் ஈயம் கரைந்து உடலிற் சேரும். அதை அரைத்துப் பூசும் குயவனுக்கோ தினந்தோறும் விஷம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கு இதைப்பற்றி எச்சரிக்கை எழுந்தது. இக்காரணத்தாலும், உறுதி கருதியும், அடுத்த வகை மேலோங்கிற்று.

அஃதாவது கற்பாண்டம். நம் வீடுகளில் ஊறுகாய் போடும் கனத்த ஜாடியை நினைத்துக்கொண்டால் போதும். ஏறக்குறைய அதே ஜாதி. இதற்குச் சாதாரண மண் உதவாது. 1,200 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் உருகாமல் இறுகும் சாம்பல்நிறக் களிமண் வேண்டும். அத்தகைய மண் நியூஜெர்ஸி ராஜ்யத்தின் கரையோரத்தில் ஏராளமாக அகப்பட்டது. படகில் ஏற்றி நதிவழியே அனுப்பினார்கள். 1825ஆம் ஆண்டில் ஈரி கால்வாய் திறந்தபின், உள்நாட்டு ஊர்களிலும் இச்சூளைகள் பெருகின. சூளை உச்ச உஷ்ணத்தை அடைந்த தருணத்தில் மேலே உள்ள துவாரங்கள் வழியாக உப்பை அள்ளிப் போடுவார்கள். உப்பு ஆவியாகி, மண்ணிலுள்ள மணற்சத்தோடு கூடி, பாண்டத்தின்மேல் கண்ணாடியாகப் படியும். அப்படிப் படிந்த மேற்புறம் ஆரஞ்சுப் பழத்தோல் போலப் பொடிப்பொடிப் புள்ளிகளோடு இருக்கும். கையாலெழுதிப் பூசாமல் தீயே பூசிக் கொடுக்கும் பூச்சு! நம்மவர்க்கு இதன் பெருமையை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

சூளையில் ஏற்றுமுன் கோபால்ட் என்னும் உலோகச் சத்தைக் கரைத்துத் தூரிகையால் ஒரு பறவையோ, பூங்கொத்தோ, மானோ எழுதுவார்கள். வெந்தபின் அது ஆழ்ந்த நீலமாகும். எத்தனை காலன் கொள்ளும் என்ற இலக்கத்தையும், பட்டறையின் பெயரையும் ஊரையும் தோளில் முத்திரையிடுவதும் உண்டு. வெர்மான்ட் ராஜ்யத்து பென்னிங்டன் என்னும் ஊரில் ஜான் நார்ட்டன் என்பவர் 1793ஆம் ஆண்டில் தொடங்கிய பட்டறை இவ்வகையில் மிகப் பிரசித்தமானது. முதலில் செம்மண்ணும் பின்னர்க் கற்பாண்டமுமாக, அவர் வமிசத்தார் ஒரு நூற்றாண்டுக் காலம் அதனை நடத்தினர்.

யோலண்ட் டெலாசர் என்னும் சித்திரக்கார அம்மையார் இத்தகைய ஜாடிகளையும் குடுவைகளையும் ஏராளமாக எழுதியிருக்கிறார். சாம்பல்நிறம் என்பதை ஒரே வர்ணம் என்று நாம் நினைக்கிறோம். அச்சித்திரங்களைக் கண்டால், அதில் பழுப்பும் பசுமையும் மங்கிய இளஞ்சிவப்பும் எத்தனை வகை கலந்துள்ளன என்பது விளங்கும். எப்பக்கம் தீ அதிகம் பட்டது, எப்பக்கம் அடுத்த பாண்டம் மறைத்து நின்றது என்பதைச் சூளை வைத்துப் பழகியவன் அச்சித்திரத்தைக் கொண்டே சொல்லிவிடலாம்.

நிற்க. இத்தொழில் அங்கே என்னவாயிற்று? 1858ஆம் ஆண்டில் ஜான் மேசன் என்பவர் திருகு மூடியுள்ள கண்ணாடி ஜாடிக்குக் காப்புரிமை பெற்றார். பழமும் காய்கறியும் அதற்குள் சென்றன. தகரப் பாத்திரமும், எனாமல் பாத்திரமும், ஆலையில் ஆயிரக்கணக்கில் அச்சிட்டு வந்த வெள்ளைப் பீங்கானும் மற்றவற்றைக் கைப்பற்றின. ஐஸ் பெட்டி வந்தபின் இறைச்சியை உப்பிலிட்டு ஜாடியில் அடைக்கும் வழக்கம் குன்றிற்று. தென்பகுதியில் சாராயக் குடுவை வனைந்து பிழைத்தவர்கள் எஞ்சியிருந்தனர்; 1920ஆம் ஆண்டில் நாடெங்கும் மதுவிலக்கு வந்தது, அதுவும் விழுந்தது. நார்ட்டன் பட்டறையோ 1894ஆம் ஆண்டிலேயே முடிந்துவிட்டது. ஆகவே 1935ஆம் ஆண்டில் சித்திரக்காரன் தூரிகையை நனைத்தபோது, அவன்முன் இருந்த பாண்டங்களில் பெரும்பாலானவற்றை வனைந்த கைகள் மண்ணாய்ப் போயிருந்தன. காட்சிசாலை அலமாரியிலிருந்தும், செல்வர் சேகரத்திலிருந்துமே பாண்டம் வந்தது, திகிரியிலிருந்து வரவில்லை.

இதனால் நேர்ந்த குறைகளைச் சொல்கிறேன்.

எழுதப்பட்டவற்றில் அலங்காரமானவையே அதிகம். காரணம் தெளிவு. கலியாணத்துக்கோ பிறந்தநாளுக்கோ பரிசாகக் கொடுத்த பூத்தட்டைச் சுவரோரம் நிறுத்தி வைத்தார்கள், அது பிழைத்தது. தினந்தோறும் பால் கறந்து வைத்த வெறுஞ்சட்டி கழுவும்போது உடைந்து, குப்பையிற் சேர்ந்தது. அதிகம் உழைத்ததற்கு அடையாளம் குறைவு, உழையாததற்குச் சித்திரமுண்டு. பாண்டத்துக்கு மட்டுமா இந்த நியாயம் என்று கேட்கத் தோன்றுகிறது.

மற்றொன்று பெயர். கற்பாண்டத்திலாவது பட்டறையின் முத்திரை உண்டு. செம்மண் பாண்டத்தில் அதுவும் அரிது. ஒவ்வொரு சித்திரத்தோடும் ஒரு விவரத்தாள் சேர்த்தார்கள். பொருளின் பெயர், அளவு, காலம், இடம், செய்தவர், இப்பொழுது வைத்திருப்பவர் என்று அதில் இடம் விட்டிருந்தது. ‘செய்தவர்’ என்ற இடம் எத்தனையோ தாள்களில் வெறுமையாயிற்று. வைத்திருக்கும் செல்வரின் பெயர் தெரிகிறது. எழுதிய சித்திரக்காரரின் பெயர் தெரிகிறது. வனைந்தவன் பெயர் தெரியவில்லை.

மூன்றாவது குறை இன்னும் பெரிது. அந்நாட்டின் ஆதிக்குடிகளான இந்தியர்களின் பாண்டங்களை அட்டவணையினின்று வேண்டுமென்றே நீக்கிவிட்டார்கள். அவை மனித இனங்களை ஆராய்வோரின் துறைக்கு உரியவை, ‘அமெரிக்க வேலைப்பாடு’ ஆகா என்பது அவர்கள் கூறிய சமாதானம். நியூமெக்ஸிகோ ராஜ்யத்தில் சான் இல்டிபான்ஸோ என்னும் கிராமத்தில் மரியா மார்ட்டினஸ் என்னும் ஆதிக்குடிப் பெண்மணி, திகிரியே இல்லாமல் மண்ணைக் கயிறாகத் திரித்துச் சுற்றி எழுப்பி, புகைமூட்டிச் சுட்டு, கண்ணாடிபோல் மின்னும் கரும்பாண்டங்களைச் செய்து உலகப் பெயர் பெற்றிருந்த காலம் அது. அந்த மண்ணில் ஐரோப்பியன் காலடி வைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னிருந்தே நடந்துவரும் தொழில் அந்நாட்டுத் தொழில் அன்று என்றால், வேறு எதுதான் அந்நாட்டுத் தொழில்? அட்டவணை எழுதுகிறவன் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதற்கு இது ஒன்றே போதும்.

நீக்ரோவர் என்று அக்காலத்தார் அழைத்த கறுப்பின மக்களின் கைவேலைக்கும் அட்டவணையில் கிடைத்த இடம் சொற்பமே. இங்கே ஒரு குயவரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். அவர் பெயர் டேவிட் டிரேக். தெற்குக் கரோலினா ராஜ்யத்து எட்ஜ்பீல்ட் என்னும் பகுதியில் 1800ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர், பிறப்பால் அடிமை. அப்பகுதியில் உப்பை இறைப்பதில்லை. மரச்சாம்பலையும் மண்ணையும் கரைத்துப் பூசுவார்கள். அது வெந்து, பச்சையும் பழுப்புமாக ஒழுகி நிற்கும். பெரிய பண்ணைகளில் நூற்றுக்கணக்கான அடிமைகளுக்கு இறைச்சியை உப்பிலிட்டு வைக்க, ஆள் உட்காரத்தக்க ஜாடிகள் தேவைப்பட்டன. அவற்றை வனைவதில் டிரேக்குக்கு நிகர் இல்லை. 1859ஆம் ஆண்டில் மற்றொரு அடிமையோடு சேர்ந்து அவர் செய்த ஜாடி 40 காலன், அதாவது ஏறக்குறைய 150 லிட்டர் கொள்ளும். அது இன்றும் சார்ல்ஸ்டன் நகரத்துக் காட்சிசாலையில் உள்ளது. அடிப்பாகத்தைத் திகிரியில் வனைந்து, மேற்பாகத்தை மண்கயிறு சுற்றி ஏற்றியது. நம் தாழியும் குதிரும் வனைந்தவர்களுக்கு அதன் சிரமம் தெரியும்.

அவருடைய கைத்திறனினும் அரியது அவருடைய எழுத்து. 1834ஆம் ஆண்டில் அந்த ராஜ்யத்தில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பது குற்றமென்று சட்டமியற்றினார்கள். அதே ஆண்டு தொடங்கி, டிரேக் தம் ஜாடிகளின் தோளில் ஈரமண்ணில் தேதியையும் தம் பெயரையும், சிலவற்றில் இரண்டடிச் செய்யுள்களையும் கீறிவந்தார். காகிதத்தில் எழுதினால் கிழித்தெறியலாம். சூளையில் வெந்த எழுத்தைக் கிழிப்பது எப்படி? அடிமைத்தனம் ஒழிந்தபின், 1870ஆம் ஆண்டு ஜனக் கணக்கெடுப்பில் அவர் பெயர் முழுமையாகவும், தொழில் வனைபவர் என்றும் பதிவாயிருக்கிறது. 2021ஆம் ஆண்டில் அவருடைய ஜாடி ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. 2025ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்துக் காட்சிசாலை, தன்னிடமிருந்த அவருடைய இரண்டு ஜாடிகளின் உரிமை அவர் வமிசத்தாரைச் சேர்ந்தது என்று ஒப்பி, ஒன்றை அவர்களிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொண்டது. பெயர் பொறித்திராவிட்டால் எந்த வமிசம் என்று யார் கண்டுபிடிப்பது?

இத்தனை குறை சொல்லியும் அட்டவணையை நான் அலட்சியம் செய்யவில்லை. அதனை எழுதினவர்கள் பசியோடு எழுதினார்கள். வாரத்துக்கு 20, 25 டாலர் கூலிக்கு எழுதினார்கள். ஆயினும் அவசரமாக எழுதவில்லை. எழுதியவற்றை வர்ணத்தில் அச்சிட்டுப் பள்ளிக்கூடங்களுக்கும் ஆலைகளுக்கும் தொகுதி தொகுதியாக அனுப்புவதாய் எண்ணியிருந்தனர். அச்சுச் செலவு தாங்காமல் அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. யுத்தம் வந்தது, திட்டம் நின்றது. 1943ஆம் ஆண்டில் சித்திரங்கள் தேசீயச் சித்திரசாலையை அடைந்தன. 1950ஆம் ஆண்டில் அவற்றிற் சிலவற்றைக் கொண்டு எர்வின் கிறிஸ்டென்ஸன் என்பவர் ஒரு பெரும் புத்தகம் வெளியிட்டார். இப்பொழுதோ நம் வீட்டுப் பிள்ளைகள் கையிலுள்ள தொலைபேசியிலேயே அச்சித்திரங்களைக் காணலாம். கட்டணமில்லை, காண்பீர்களாக.

கண்டபின், நம் பாண்டங்களுக்கு இதுபோல் என்ன இருக்கிறது என்று யோசிப்பது இயல்பு. ஐயனார் கோயில் குதிரையைப் படம் பிடிப்பதற்குப் பட்டணத்திலிருந்தும் பரதேசத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சோறாக்கிய பானையையும், குழம்புச் சட்டியையும், அடுக்குப் பானையையும், தயிர்க் கலயத்தையும், நெல் அவித்த சாலையும் யாரும் கேட்டு வருவதில்லை. ஈயமும் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்தபின், இவற்றிற் பலவற்றை வனையத் தெரிந்தவர்கள் நம் குலத்திலேயே முதியவர்கள் சிலர்தாம். அமெரிக்காவில் சித்திரக்காரன் வந்தபோது குயவன் இல்லை. இங்கே குயவர் இருக்கிறார். நம்மோடு இக்கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். உள்ளே கல்லை வைத்து வெளியே பலகையால் தட்டி, வாய் வனைந்த பானைக்கு அடி கூட்டும் விதத்தை அவர் செய்துகாட்ட, பக்கத்திலிருந்து பார்த்து எழுதலாம். அந்த அட்டவணைக்கு வாய்க்காத பாக்கியம் அது.

ஆகையால் சபையாரிடம் என் விண்ணப்பம் ஒன்று. சங்கத்தின் செலவில் தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குதல் வேண்டும். நம் பிள்ளைகளில் சித்திரம் எழுதத் தெரிந்தவர்கள் இருவர் மூவர் அகப்படாமற் போகார். போட்டோவும் எடுக்கட்டும்; ஆயினும் கையாலும் எழுதட்டும், கண் பழகும். விவரத்தாளில் அமெரிக்கர் கேட்ட கேள்விகளோடு நாம் இன்னும் சிலவற்றைச் சேர்க்க வேண்டும்: மண் எந்தக் குளத்தது, மணல் எவ்வளவு கலந்தது, எத்தனை நாள் நிழலில் உலர்ந்தது, சூளைக்கு வைக்கோலா, விறகா, வரட்டியா, இப்பாண்டத்துக்கு அவ்வூரில் வழங்கும் பெயர் என்ன. ‘செய்தவர்’ என்ற இடத்தை முதலில் நிரப்ப வேண்டும். தகப்பனார் பெயரோடும், மண் பிசைந்து மெழுகிக் கொடுத்த மனைவியின் பெயரோடும் நிரப்ப வேண்டும். செலவு விஷயத்தைப் பொருளாளர் அவர்கள் யோசித்து அடுத்த கூட்டத்தில் தெரிவிப்பார்கள் என்று நம்புகிறேன்.

அக்கூட்டத்துக்கு வருவோர் தத்தம் வீட்டுப் பரணிலோ கொல்லையிலோ கிடக்கும் பழைய பாண்டம் ஒன்றை எடுத்துவரும்படி கேட்டுக்கொள்கிறேன். உடைந்ததாயினும் குற்றமில்லை. வாய் விளிம்பு நான்கு விரற்கடை இருந்தால் போதும்; வட்டத்தைக் கணக்கிட்டு முழுப் பாண்டத்தையும் எழுதிவிடலாம்.